மூன்று இடத்தில் பத்திரமாக

கண்ணுக்குத் தெரியாத சரக்கைக் காவல் காப்பதுதான் எங்கள் தொழில். அது காணாமல் போன பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே மற்றவர்களுக்குத் தெரியவரும். சர்வர் மேய்ப்பவர்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று சொல்லித் திட்டு வாங்குபவர்கள், சம்பளமில்லாமல் ஓப்பன் சோர்ஸுக்கு உழைத்து அதற்கும் வசவு வாங்குபவர்கள், நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களிடம்தான் இதையெல்லாம் சொல்ல முடியும். வேறு யாரிடமாவது ஆரம்பித்தால், போன் மெதுவாக ஓடுகிறது, கொஞ்சம் பார் என்று கையில் திணித்துவிடுகிறார்கள்.

பத்து வருடம் பெங்களூரில் குப்பை கொட்டிவிட்டு ஊர் திரும்பியவன் நான். சித்தூரில் வீடு, திருப்பதியில் ஆபீஸ். ஸ்கேன் சென்டர்களில் எடுக்கும் எக்ஸ்ரே, சி.டி. படங்களை வாங்கிக் கிளவுடில் சேமித்து வைக்கும் ஏழு பேர் கம்பெனி. அந்தக் கிளவுடைக் கட்டியவன், பூட்டியவன், சாவி வைத்திருந்தவன் எல்லாம் நானே. அதில் கிடந்த லட்சம் படங்களில் ஒன்று என் நைனாவின் நெஞ்சு; எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். அந்தப் படம் என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் வந்தேன். முன்னால் வருகிற கூத்தெல்லாம் அதற்குப் போகிற வழி.

கோல்டு ஸ்டோரேஜ்

நைனாவுக்கு நகரி பக்கத்தில் மாந்தோப்பு. நான் பேக்எண்ட் இன்ஜினியர் என்று பல வருடம் சொல்லிப் பார்த்தேன், பிடிபடவில்லை. கடைசியில் அவரே ஒரு விளக்கம் கண்டுபிடித்துக்கொண்டார். எங்கள் பக்கம் புளியைக் கோல்டு ஸ்டோரேஜில் போட்டு வைப்பார்கள். மூட்டையை எடை போட்டு உள்ளே அடுக்கிவிட்டுக் கையில் ஒரு ரசீது கொடுப்பார்கள். எப்போது அதைக் காட்டினாலும் நம் மூட்டை வெளியே வரும். என் பிள்ளைக்கும் அதே வேலைதான், புளிக்குப் பதில் படம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார். பெங்களூரில் என் மேனேஜர்கள் கொடுத்த விளக்கங்களைவிட அது எவ்வளவோ சரியாக இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்கு இருமல் நிற்கவில்லை. சித்தூரில் எங்கள் கம்பெனியோடு சேர்ந்த ஒரு சென்டரிலேயே சி.டி. எடுத்தோம். வலது நுரையீரலின் மேல்பக்கம் சின்னப் புள்ளி ஒன்று, வாலிபத்தில் வந்துபோன காசநோயின் தழும்பாக இருக்கலாம், கவனித்து வரவும் என்று ரிப்போர்ட் வந்தது. மருந்தில் இருமல் அடங்கிவிட்டது.

அன்று சென்டரை விட்டுக் கிளம்பும்போது நைனா கவுன்ட்டரில் நின்று ஃபிலிம் கேட்டார். பெரிய கவரில் கறுப்பு ஃபிலிமை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தால்தான் அவருக்கு ஸ்கேன் எடுத்த மாதிரி. கவுன்ட்டரில் இருந்த பெண் பிரின்ட் போட்டுக் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தாள். நான்தான் தடுத்தேன். ஃபிலிம் எல்லாம் மலையேறிப் போய்விட்டது, படம் கிளவுடில் மூன்று இடத்தில் பத்திரமாக இருக்கிறது, ஒன்று எரிந்தாலும் இரண்டு இருக்கும், நானே காவல் என்று சொல்லி அவரை வெளியே கூட்டி வந்தேன். பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு நைனா கேட்டார்: "சரிடா, சரக்க உள்ள வெச்சிக்கினே. ரசீது எங்க?"

சுவரில் ஒரு பாஸ்வேர்டு

பலமனேரில் ஒரு சென்டர். எட்டு பேர் வேலை செய்கிறார்கள், எட்டு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. ஏழுமலையான் பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று. நம் ஜில்லாவில் பாதிப் பேரின் கணக்கை அதை வைத்தே திறந்துவிடலாம். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு, பதினாலு எழுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும் என்று சிஸ்டத்திலேயே கட்டிவிட்டேன். ஒரு மாதம் எனக்கு வந்த போன்களில் பாதி என் குடும்பத்தை விசாரிப்பவையாக இருந்தன.

அடுத்த முறை போனபோது ஸ்கேன் அறைச் சுவரில், பெருமாள் காலண்டருக்குப் பக்கத்தில், எட்டு பேரின் பாஸ்வேர்டும் ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ஸ்கேனுக்குப் படுக்கிற நோயாளி தலையைத் திருப்பினால் நேராகத் தெரியும். கீழே காலாவதியான பாஸ்வேர்டுகளும் வரிசையாக இருந்தன. இது எதற்கு என்று கேட்டேன். அங்கே மூத்த டெக்னீஷியன், என் அறியாமைக்கு இரங்கிச் சொன்னார்: "அது பேக்கப் சார். எதுக்கும் ஒண்ணு வேற இடத்துல இருக்கட்டும்னு."

படித்துவிட்டு வரவும்

எங்கள் கம்பெனி பயன்படுத்திய சேமிப்பு மென்பொருள் ஓப்பன் சோர்ஸ். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதுவது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதைப் பராமரிக்கிற நாலு பேரில் நானும் ஒருவன். ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கு நேர்ந்துவிட்டிருந்தேன். முன்பின் தெரியாதவர்கள் உரிமையோடு வேலை ஏவுவார்கள். நன்றி என்ற சொல் வருடத்துக்கு இரண்டு முறை வந்தால் அதிகம்.

அதில் பழைய கோப்புகளைத் தானாக அழிக்கும் வசதி ஒன்று உண்டு. எந்த ஃபோல்டர், எத்தனை நாள் என்று எழுதி வைத்தால், அந்த ஃபோல்டரில் அத்தனை நாளுக்கு முந்தையவை அழிந்துவிடும். ஃபோல்டர் பெயரை எழுதாமல் விட்டால் எல்லா ஃபோல்டரும் என்று அர்த்தம். எங்கோ ஒரு தேசத்துப் பள்ளிக்கூட வாத்தியார் அப்படிக் காலியாக விட்டுவிட்டு, பிள்ளைகள் வரைந்த படங்கள் அத்தனையும் போய்விட்டன என்று புகார்ப் பக்கத்தில் எழுதியிருந்தார். ஒன்றும் எழுதாவிட்டால் ஒன்றையும் அழிக்காமல் இருப்பதுதானே முறை, குறைந்தது ஒருமுறை கேட்கவாவது கூடாதா என்று பணிவாகத்தான் கேட்டிருந்தார்.

அன்றைக்கு அது எனக்குப் பதினோராவது புகார். இது பிழை அல்ல, ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது, படித்துவிட்டு வரவும் என்று பதில் போட்டுப் புகாரை மூடினேன். கூட இருக்கும் மூன்று பராமரிப்பாளர்களும் கட்டைவிரல் காட்டிப் பாராட்டினார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு மிதப்பு. அரை மணி நேரம் கழித்து வாத்தியார் கீழே எழுதினார்: "படித்தேன். எழுதித்தான் இருக்கிறது. நன்றி."

கடைசி நம்பர்

ஸ்கேன் எடுத்ததும் நோயாளியின் போனுக்கு ஒரு லிங்க் போகும், தட்டினால் படம் திறக்கும். நைனாவின் லிங்க் என் போனுக்கு வந்திருந்தது. லிங்கின் கடைசியில் ஒரு நம்பர். தொழில் புத்தி சும்மா இருக்குமா? அந்த நம்பரில் ஒன்றைக் கூட்டித் தட்டினேன். யாரோ ஒரு பெண்ணின் அடிவயிற்று ஸ்கேன் திறந்தது. பெயர், வயது, கங்காதர நெல்லூர் பக்கத்தில் ஏதோ ஒரு ஊர், எல்லாம் இருந்தது. சட்டென்று மூடினேன். யார் வீட்டுப் படுக்கையறையிலோ தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி கூசியது. லிங்க் அனுப்பும் பகுதி மட்டும் நான் வருவதற்கு முன்பே எழுதப்பட்டது, ஆனால் பாதுகாப்புக்குப் பொறுப்பு நான்தானே.

ஓடிப்போய் எம்.டி.யிடம் சொன்னேன். எம்.டி. ஒரு காலத்தில் ஊர் ஊராக எக்ஸ்ரே ஃபிலிம் சப்ளை செய்தவர். ஃபிலிம் படுத்ததும் கிளவுடுக்கு மாறிக்கொண்டார். தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் வரும், கோபமே வராது, அதுதான் பெரிய இடைஞ்சல். நான் காட்டியதைப் பார்த்தார், இன்னொரு நம்பரைத் தானே மாற்றியும் பார்த்தார். சரிசெய்ய இரண்டு வாரம் வேண்டும் என்றேன். புது சென்டர்கள் சேருகிற நேரம், பிறகு பார்க்கலாம் என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஏமி காதுலே, ஒண்ணும் ஆவாது தாமு. சித்தூர்ல எவன்யா உக்காந்து நம்பர் மாத்துவான்? அவங்கவங்களுக்கு அவங்கவங்க நோயே போதும்."

நாலாவது பிரதி

திருப்பதியில் ஒரு ஓட்டல் ஹாலில் டாக்டர்களைக் கூட்டி எங்கள் கிளவுடைக் காட்டினோம். இரவல் கோட்டு போட்டுக்கொண்டு மேடையில் நின்றவன் நான். ஒவ்வொரு படமும் திருப்பதியில் ஒன்று, சென்னையில் ஒன்று, மும்பையில் ஒன்று, ஆக மூன்று இடத்தில் பத்திரமாக இருக்கும், வெள்ளம் வந்தாலும் தீப்பிடித்தாலும் கவலை இல்லை என்றேன். கை தட்டினார்கள்.

மேடையில் சொல்லாத ஒன்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். வெள்ளத்துக்கும் தீக்கும்தான் மூன்று பிரதி. அழி என்று உத்தரவு போனால் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து கீழ்ப்படியும். அதனால் வாரத்துக்கு ஒருமுறை தனி டிஸ்க்கில் எடுத்து, ஒயரைப் பிடுங்கி, பீரோவில் வைத்துப் பூட்டுவதற்கு நாலாவது பிரதி ஒன்று வேண்டும் என்று மூன்று முறை எம்.டி.யிடம் எழுதிக் கேட்டேன். மூன்றாவது முறை அவர் கூப்பிட்டு உட்காரவைத்து, மோர் வரவழைத்துக் கொடுத்து, பொறுமையாகச் சொன்னார்: "மூணு இடத்துல பத்திரம்னு மைக்கு புடிச்சிச் சொன்னது நீதானய்யா."

பூதலப்பட்டு

லிங்க் ஓட்டையை அடைக்க அனுமதி ஒன்றரை வருடம் கழித்துக் கிடைத்தது. பெரிய டாக்டர் ஒருவருடைய மனைவியின் ஸ்கேன் யாரோ ஒருவருக்குத் திறந்துவிட்டது. அன்று மாலையே கிடைத்தது. நான் போட்ட திட்டம் சுலபமானது. லிங்க் கேட்கும்போது படத்தின் நகல் ஒன்றைத் தற்காலிக ஃபோல்டரில் வைப்பது, ஊகிக்க முடியாத லிங்க் ஒன்றை அனுப்புவது, முப்பது நாள் ஆனதும் அந்த ஃபோல்டரில் இருப்பதைத் தானாக அழிப்பது.

திங்கட்கிழமை காலை சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அழிக்கும் விதியை எழுதினேன். முப்பது நாள் என்று எழுதியாயிற்று. ஃபோல்டர் பெயரை ஆபீசுக்குப் போய்ச் சரிபார்த்துப் போடலாம் என்று அந்த இடத்தைக் காலியாக விட்டேன். பூதலப்பட்டில் ஒரு பெரியவர் காய்கறி மூட்டையோடு ஏறினார். லேப்டாப்பை மூடி, நகர்ந்து, மூட்டைக்கு இடம் விட்டேன். மறுபடி திறந்தேன், பார்த்தேன், மூன்று இடத்துக்கும் அனுப்பு என்பதை அழுத்தினேன். இப்படிப்பட்ட விதியை இரண்டாவது ஆள் ஒருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பது எங்கள் தொழிலில் கண்டிப்பான வழக்கம். எங்கள் கம்பெனியில் இரண்டாவது ஆளும் நான்தான். ஒப்புதலும் கொடுத்தேன்.

எந்த மணியும் அடிக்கவில்லை. டிஸ்க் நிரம்பினால் அடிக்க மணி வைத்திருந்தேன், காலியானால் அடிக்க வைக்கவில்லை. டிஸ்க்கில் ஏகப்பட்ட இடம் மிச்சமாகியிருப்பதைப் பார்த்து எம்.டி. என்னைப் பாராட்டக்கூடச் செய்தார், புது ஏற்பாட்டின் பலன் என்று நானும் நினைத்துக்கொண்டேன். கடைசி முப்பது நாள் படங்கள் இருந்ததால் சென்டர்களுக்கும் தெரியவில்லை. வாடிக்கையாளர் போன்களை எடுக்கும் லாவண்யா பலமனேர் பெண். எதையும் நேராகச் சொல்லமாட்டாள். ஒன்பதாம் நாள் என் மேசைக்கு வந்து நின்றாள். "அண்ணா, போன மாசத்துக்கு முன்னாடி நம்ம ஜில்லாவுல யாருக்குமே ஒடம்புக்கு வரல போலக் கீதே."

பழைய பக்கம்

ஆறு நாள் தலைகீழாக நின்று பார்த்தேன். ஒரு படமும் மீளவில்லை. முதலில் தேடியது நைனாவின் படத்தைத்தான், அதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூன்று இடத்திலும் இல்லை. அழிந்ததை மீட்க வழி உண்டா என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நின்றது ஒரு புகார்ப் பக்கம். ஆவலோடு திறந்தேன். வாத்தியாரின் புகார். கீழே என் பெயர், என் பதில், மூன்று கட்டைவிரல்.

மூடிய புகாரைத் திறந்தேன். காலியாக விட்டால் விதியை ஏற்கவே கூடாது என்று நிரலை மாற்றினேன், மொத்தம் நாலு வரிதான். இரண்டு வருடமாக எனக்குக் கிடைக்காத அந்த நாலு வரி நேரம் அன்றைக்குக் கிடைத்தது. என் தவறு, மன்னிக்க வேண்டும், இப்போது சரிசெய்துவிட்டேன் என்று வாத்தியாருக்கு எழுதினேன். பதில் வந்தது: "மகிழ்ச்சி. நான் இப்போது பிள்ளைகளின் படங்களைக் காகிதத்திலேயே வைத்துக்கொள்கிறேன்."

காணிப்பாக்கம்

எம்.டி. இதை எந்திரத்தின் வேலை என்று நம்பவில்லை. யாரோ உள் ஆள் போட்டிக் கம்பெனிக்காகச் செய்துவிட்டான் என்பது அவர் முடிவு. யார், எப்போது, எதை அழுத்தினார்கள் என்று பதிவாகும் பட்டியல் சர்வரில் இருக்கிறது, அதைத் திறக்கும் சாவி என்னிடம் மட்டும் இருக்கிறது. அவர் அதைக் கேட்கவே இல்லை. கம்ப்யூட்டர் எழுதுவதை மனிதன் மாற்றிவிடலாம், காணிப்பாக்கம் பிள்ளையாரிடம் அது நடக்காது என்றார். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். வழக்கு, திருட்டு, துரோகம் எதுவானாலும், குளத்தில் முழுகி ஈரத்துணியோடு அந்தச் சன்னிதியில் சத்தியம் செய்யச் சொல்வார்கள். பொய் சத்தியம் செய்தவன் உருப்பட்டதில்லை என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வேன் சொல்லியாயிற்று. முந்தின நாள் நான் அந்தப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை, காலை எட்டு நாற்பது, என் பெயர். ஒரே ஒரு வரி. அதை அழிக்க எனக்குத் தெரியும், அழித்த தடத்தை அழிக்கவும் தெரியும், அதற்காகத்தானே சம்பளம். விரல் விசையில் இருந்தது. அழிக்காததற்குக் காரணம் நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பயம் என்பதுதான் உண்மை. இன்னொரு முறை எதையாவது அழிக்க என் கை வரவில்லை.

மறுநாள் குளத்துப் படியில் நின்றோம். முதலில் முழுகியது லாவண்யா. போன் எடுத்ததைத் தவிர ஒரு பாவமும் அறியாத பெண், ஈரப் புடவையோடு நடுங்கிக்கொண்டு படியேறி வந்தாள். அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. எம்.டி.யைத் தனியே கூப்பிட்டு, நான்தான், வேண்டுமென்று இல்லை, கவனக்குறைவு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வேறு யார் காதிலாவது விழுந்ததா என்று சுற்றிப் பார்த்தார். விழவில்லை என்று தெரிந்ததும் முகம் தெளிந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இத்த இங்கியே விட்டுடு. சென்டருக்கெல்லாம் சர்வர் மாத்தறோம்னு ஒரு லெட்டர் போடு. வந்தது வந்தோம், அர்ச்சனை பண்ணிக்கினு போலாம்."

சர்வர் மாற்றுகிறோம்

அந்த லெட்டரை எழுதியவன் நான். தொழில்நுட்ப மேம்பாடு காரணமாகப் பழைய படங்கள் தற்காலிகமாகக் கிடைக்காது என்று நல்ல தமிழிலும் தெலுங்கிலும் எழுதினேன். இதில் எனக்கு எந்தச் சமாதானமும் இல்லை. குளத்துப் படியில் வாயைத் திறந்தவன் மேசைக்கு வந்ததும் மூடிக்கொண்டான். நாலு மாதம் அப்படியே ஓடியது.

நாலாவது மாதம் நைனாவுக்கு மறுபடி இருமல். திருப்பதியில் ஒரு நுரையீரல் டாக்டரிடம் காட்டினோம். புது ஸ்கேனில் அதே இடத்தில் அதே புள்ளி. பழைய ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். சின்னது என்று எழுதியிருக்கிறார்களே தவிர அளவு போடவில்லை, பழைய படம் வேண்டும் என்றார். இரண்டு வருடமாக அப்படியே இருந்தால் அது வெறும் தழும்பு, வளர்ந்திருந்தால் விஷயம் வேறு. சொல்லிக்கொண்டே என் முகத்தை உற்றுப் பார்த்தார். அன்றைக்கு ஓட்டல் ஹாலில் கோட்டு போட்டுப் பேசியவர்தானே என்று கேட்டார். அவரும் கை தட்டியவர்களில் ஒருவர். படம் எங்கே என்றார்.

சர்வர் மாற்றுகிறோம் சார் என்று என் வாய் தானாகச் சொன்னது. எப்போது வரும் என்று கேட்டார். நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் சரக்குக்கு இவன் காவல் என்று இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்த முகம் அது. வராது என்றேன். நான்தான் அழித்துவிட்டேன், இவருடையது மட்டும் இல்லை, எல்லாருடையதும், மூன்று இடத்திலும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். டாக்டர் புதுப் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பழைய படம் இருந்தா ரெண்டே நிமிஷம், பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இந்த வயசுல சும்மா விட முடியாது. இனிமே ஊசி போட்டு எடுத்துப் பாத்துதான் தெரிஞ்சுக்கணும்."

பக்கத்துக் கட்டில்

அன்று சாயங்காலம் எல்லா சென்டருக்கும் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். மறுநாள் என் அட்டைக்கு ஆபீஸ் கதவு திறக்கவில்லை. நீக்கப்பட்டவரின் அட்டை அந்த நிமிடமே செல்லாமல் போகும்படி கதவை அமைத்தவன் நான்தான். அது ஒன்றாவது பிசகில்லாமல் வேலை செய்தது.

நைனாவுக்கு முதுகுப் பக்கமாக ஊசியை விட்டுச் சதை எடுத்தார்கள். நூற்றில் சிலருக்கு நடப்பது அவருக்கு நடந்தது. நுரையீரலில் காற்றுக் கசிந்து, விலாவில் குழாய் போட்டு, ஆறு நாள் வார்டில் கிடந்தார். மூச்சு இழுக்கும்போதெல்லாம் முகம் சுளிக்கும், நான் பார்ப்பது தெரிந்தால் சுளிப்பை அடக்கிக்கொள்வார். ஐந்தாம் நாள் முடிவு வந்தது. ஒன்றுமில்லை, வாலிபத்தில் வந்த காசநோயின் தழும்பு. ஊசியும் வேண்டியதில்லை, குழாயும் வேண்டியதில்லை, ஒரு பழைய படம் இருந்திருந்தால் போதும். நல்ல செய்தியைக் கேட்டுக் கக்கூஸுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

திரும்பி வந்தபோது பக்கத்துக் கட்டில்காரர், கங்காதர நெல்லூர் ஆள், நைனாவிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பழைய படம் கிடைக்காமல்தான் ஊசி போட்டிருந்தார்கள், நைனாவுக்கும் அதே கதைதான் என்று நர்ஸ் அவரிடம் சொல்லியிருக்கிறாள். பையன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்டார். நான் கதவோரம் நின்றுவிட்டேன். நைனாவுக்கு எல்லாம் தெரியும். என்ன அழிந்தது, யார் அழித்தது, வேலை போனது வரை தெரியும். குழாய் இழுக்காமல் மெதுவாக ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, நாலு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கிச் சொன்னார்: "பெரிய கெடங்கு பாத்துக்கினு கீறான். ஊரு சனத்து படமெல்லாம் அவங்கிட்டதான் பத்திரமா கீது. என்னுத நான்தான் ரசீது வாங்காம வந்துட்டேன்."

ஆகவே சக பாவிகளே, எதையும் மூன்று இடத்தில் வையுங்கள், காலியாக விட்ட இடத்தை ஒருமுறை பாருங்கள், அப்புறம் கவுன்ட்டரில் நின்று ஒரு ஃபிலிமையும் வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு போய்ச் சேருங்கள்.